முடியைக் காக்கும் குளிர்த்தொப்பி: முதல் கீமோவுக்கு முன்பே பேச வேண்டியவை

கீமோதெரபி பற்றி விளக்கி முடித்ததும், "வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்று கேட்பது என் வழக்கம். எத்தனை முறை, எவ்வளவு செலவு, எப்போது தொடங்கலாம் என்று கணவரோ மகனோ கேட்பார்கள். நோயாளி பெரும்பாலும் அமைதியாக இருப்பார். எல்லோரும் எழுந்து கதவருகே சென்ற பிறகு, அவர் மட்டும் ஒரு கணம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்பார்: "டாக்டர், முடி கொட்டிவிடுமா?"

பயிற்சிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் அளித்த ஒரு பதிலை இன்றுவரை மறக்க இயலவில்லை. மார்பகப் புற்றுநோயுடன் வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியையிடம், "உயிர்தானே முக்கியம் அம்மா, முடி பிறகு வளர்ந்துவிடும்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். குறித்த நாளில் சிகிச்சைக்கு வரவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து வந்தபோது கட்டி வளர்ந்திருந்தது. "மகளுக்கு நிச்சயதார்த்தம் இருந்தது. மொட்டைத் தலையோடு சம்பந்தி வீட்டார் முன் எப்படி நிற்பது என்று தள்ளிப்போட்டேன். உங்களிடம் சொன்னால் திட்டுவீர்களோ என்று பயமாக இருந்தது" என்றார். பின்னர் அவர் முழுச் சிகிச்சையும் பெற்றார். ஆனால் இழந்த அந்த இரண்டு மாதங்களை எவராலும் அவருக்குத் திருப்பித் தர இயலவில்லை.

நான் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அது அவருடைய கேள்விக்கான பதிலும் அல்ல. முடி உதிர்வு குறித்த கவலையை வீண் அழகுணர்ச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழனியிலும் திருப்பதியிலும் நாமே மனமுவந்து முடி காணிக்கை செலுத்துகிறோம். அது நம் விருப்பம். நோயால் முடியை இழப்பது அப்படிப்பட்டதன்று. தமக்கு என்ன நோய் என்பதை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமையையும் அது சேர்த்துப் பறித்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் செய்தி தெரிந்துவிடுகிறது.

இன்று இந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் ஒன்று உண்டு. 'ஸ்கால்ப் கூலிங்' எனப்படும் தலைத்தோல் குளிர்விப்பு முறை, அதாவது குளிர்த்தொப்பி. நம் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவிலும் இது பயன்பாட்டில் உள்ளது. இது யாருக்குப் பயன்படும், எந்த அளவுக்குப் பயன்படும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முடி ஏன் உதிர்கிறது?

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. எந்த நேரத்திலும் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வளரும் நிலையில் இருக்கும். வளரும் முடியின் வேர்க்கால்களில் உள்ள செல்கள் மிக விரைவாகப் பிரிந்து பெருகுகின்றன. புற்றுநோய்ச் செல்களும் விரைவாகப் பெருகுபவையே. விரைவாகப் பெருகும் செல்களைத் தாக்கும் கீமோதெரபி மருந்துகள் இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை. அதனால் முதல் மருந்து ஏறிய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்குகிறது.

எல்லா மருந்துகளும் இவ்வாறு செய்வதில்லை. பக்லிடாக்செல், டோசிடாக்செல், சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்றவை முடியை அதிகம் பாதிப்பவை. குடல் புற்றுநோய்க்குப் பயன்படும் கேப்சிடபைன், ஆக்ஸாலிபிளாட்டின் போன்றவற்றால் பெரும்பாலும் முடி சற்று மெலிவதோடு நின்றுவிடும். ஆகவே, "எனக்குத் தரப்போகும் மருந்தால் முடி உதிருமா?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. உதிராத மருந்து என்றால் தொப்பியே தேவையில்லை.

குளிர் எவ்வாறு காக்கிறது?

குளிர்காலத்தில் அதிகாலையில் விரல் நுனிகள் வெளுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். குளிர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைத்தோலை ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் அங்கும் இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைகிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுதியாக இருக்கும் நேரத்தில் வேர்க்கால்களைச் சென்றடையும் மருந்து குறைகிறது. மேலும், குளிர்ந்த செல்களின் இயக்கம் மந்தமாவதால், அங்கு வந்து சேரும் மருந்தும் குறைவாகவே தீங்கு செய்கிறது.

இக்கருத்து புதிதன்று. 1970களிலேயே பனிக்கட்டிப் பைகளைத் தலையில் கட்டி மருத்துவர்கள் முயன்றிருக்கிறார்கள். அவை விரைவில் உருகிவிடும். குளிர் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவாது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், பீர் குளிர்விக்கும் கருவிகளைத் தயாரித்துவந்த பேக்ஸ்மன் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு 1990களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அக்காலத்துக் குளிர்த்தொப்பியை அணிந்தும் அவருக்கு முடி உதிர்ந்தது. குளிர்விக்கும் தொழில்நுட்பம் அறிந்த அவருடைய கணவர், திரவத்தைத் தொடர்ந்து சுழலவிட்டுத் தொப்பியை ஒரே குளிரில் வைத்திருக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1997இல் அந்நகர மருத்துவமனையிலேயே அது முதலில் நிறுவப்பட்டது. இன்றைய இயந்திரங்கள் பலவும் இதே முறையில்தான் இயங்குகின்றன. சிலிகோன் தொப்பியினுள் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பலன் எந்த அளவுக்கு?

தொப்பி அணிந்தால் ஒரு முடிகூட உதிராது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 2017இல் அமெரிக்காவில் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. இரண்டும் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டவை. ஒன்றில் தொப்பி அணிந்த 95 பேரில் 48 பேருக்கு முடி காக்கப்பட்டது. மற்றொன்றில் 101 பேரில் 67 பேருக்குக் காக்கப்பட்டது. இரண்டு ஆய்வுகளிலும், தொப்பி அணியாதவர்களில் ஒருவருக்குக்கூட முடி தங்கவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்விலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பயனடைந்தனர். தொப்பி அணிந்தவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் முடி விரைவாகவும் வளர்ந்தது.

இங்கே 'காக்கப்பட்டது' என்ற சொல்லின் பொருளைக் கவனியுங்கள். பாதிக்கும் குறைவான முடியே உதிர்ந்தது என்பதுதான் அதன் பொருள். அதாவது, மூன்றில் ஒரு பங்கு முடியை இழந்தவரும் ஆய்வுக் கணக்கில் வெற்றி பெற்றவரே.

இதைத் தெளிவாகச் சொல்லாமல் நான் ஒருமுறை தவறு செய்தேன். வாரந்தோறும் பக்லிடாக்செல் பெற்றுவந்த ஒரு நோயாளி, ஐந்தாம் வாரம் குளியலறையில் சேர்ந்த முடியை ஒரு நெகிழிப் பையில் போட்டு எடுத்துவந்து என் மேசைமீது வைத்தார். "இதற்குத்தானா இவ்வளவு நேரம் குளிரில் உட்கார்ந்தேன்?" என்று கேட்டார். செவிலியர் அவர் தலையைப் பார்த்துவிட்டு, முதல் நாள் எடுத்த புகைப்படங்களை அருகில் வைத்துக் காட்டினார். முடி மெலிந்திருந்தது, ஆனால் எங்கும் தோல் தெரியவில்லை. பன்னிரண்டு வாரங்களும் முடிந்தபோது, அவர் விக் அணியாமலேயே வேலைக்குச் சென்றுவந்தார். அன்றிலிருந்து, முதல் நாளிலேயே முன்புறம், இருபுறம், பின்புறம், உச்சி ஆகிய கோணங்களில் புகைப்படம் எடுத்துவைக்குமாறு அனைவரிடமும் சொல்லிவருகிறோம்.

பலன் மருந்தைப் பொறுத்தும் மாறும். பக்லிடாக்செல், டோசிடாக்செல் மட்டும் பெறுவோருக்கு வாய்ப்பு அதிகம். டாக்சோரூபிசின், எபிரூபிசின் அடங்கிய கூட்டு மருந்துகளுக்கு வாய்ப்பு வெகுவாகக் குறைவு. புருவம், கண்ணிமை, உடலின் பிற பகுதிகளில் உள்ள முடியை இத்தொப்பி காப்பதில்லை.

யாருக்கு ஏற்றதன்று?

இரத்தப் புற்றுநோய், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் குளிர்த்தொப்பி பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்நோய்களில் உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் மருந்து சென்றடைய வேண்டும். தலைத்தோலில் புற்றுநோய் பரவியிருப்பவர்களுக்கும் மூளைக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கும் இது பொருந்தாது. குளிர் பட்டால் உடலெங்கும் தடிப்பு ஏற்படுபவர்கள், குளிரால் இரத்தம் பாதிக்கப்படும் அரிய நோய்கள் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் சொல்லிவிடுங்கள். கல்லீரல் சரிவர இயங்காதவர்களின் உடலில் மருந்து நீண்ட நேரம் தங்குவதால் பலன் குறையக்கூடும்.

சிகிச்சை நாளன்று

முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். சிகிச்சை நாளன்று தேங்காய் எண்ணெய் உட்பட எதையும் தலையில் தடவ வேண்டாம். பின்னலோ கொண்டையோ சவுரியோ பூவோ வேண்டாம்.

செவிலியர் உங்கள் முடியைத் தண்ணீரால் நனைத்து, சீவிப் பரப்பி, தொப்பியை அணிவிப்பார். ஈரம் குளிரை நன்கு கடத்தும். தொப்பி தலையோடு ஒட்டி இருப்பது மிக முக்கியம். இடைவெளி இருக்கும் இடத்தில், குறிப்பாக உச்சியில், வட்டமாக முடி உதிர்ந்துவிடும். நம் பெண்களுக்கு முடி அடர்த்தியாக இருப்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. தளர்வாகத் தோன்றினால் தயங்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மருந்து தொடங்குவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்பே தொப்பி குளிரத் தொடங்கும். அடர்த்தியான முடிக்கு இன்னும் சற்று அதிக நேரம் ஆகும். மருந்து ஏறும் நேரம் முழுவதும் அது தலையிலேயே இருக்கும். மருந்து முடிந்த பின்னும், மருந்தைப் பொறுத்து, இருபது நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் தொடர வேண்டியிருக்கும். ஆக, வழக்கமான நேரத்தைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கூடுதலாகும். ஊருக்குத் திரும்பும் பேருந்து நேரத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தாம் கடினமானவை. ஐஸ் கட்டியை நெற்றியில் அழுத்திப் பிடித்ததுபோல வலிக்கும். பிறகு மரத்துப்போய்த் தாங்கிக்கொள்ளும்படி ஆகிவிடும். சிலருக்குத் தலைவலி, குமட்டல், கழுத்துப் பாரம், உடல் நடுக்கம் ஏற்படலாம். போர்வை, காலுறை, ஃபிளாஸ்கில் வெந்நீர் அல்லது சுக்குக் காபி கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் வலி மாத்திரை தருவோம். தாங்க இயலாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். அதனால் உங்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு எந்தக் குறைவும் நேராது. முடிந்தவுடன் தொப்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். சில நிமிடங்கள் பொறுத்து, தலை வெதுவெதுப்பான பின் செவிலியரே மெதுவாகக் கழற்றுவார்.

வீட்டில் முடிப் பராமரிப்பு

உதிர்கிறதே என்ற அச்சத்தில் பலர் தலைக்குக் குளிப்பதையும் சீவுவதையும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் உதிர்ந்த முடி உள்ளேயே தங்கிச் சிக்காகி, நல்ல முடியையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. கீழ்க்காணும் முறைகள் உதவும்.

• வாரம் ஒன்றிரண்டு முறை, மென்மையான ஷாம்பூவும் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரும் கொண்டு தலைக்குக் குளியுங்கள். சீயக்காய்த் தூளை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

• துண்டால் துவட்டித் தேய்க்காமல், ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

• நாள்தோறும் ஒருமுறை அகலமான பற்கள் கொண்ட சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

• இறுக்கமான பின்னலைத் தவிர்த்து, தளர்வாக முடியுங்கள்.

• சாயம், மருதாணிப் பூச்சு, முடியை நேராக்கும் சிகிச்சைகள் ஆகியவற்றைச் சிகிச்சை முடிந்து முடி நன்கு வளரும் வரை ஒத்திவையுங்கள்.

தொப்பி அணிந்தாலும் நாள்தோறும் முடி உதிரத்தான் செய்யும். உதிர்ந்ததை எண்ணாதீர்கள், தலையில் எஞ்சியிருப்பதைப் பாருங்கள்.

அடிக்கடி எழும் இரண்டு அச்சங்கள்

"தலைக்கு மருந்து போகாவிட்டால், அங்கே புற்றுநோய் ஒளிந்துகொள்ளாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மார்பகப் புற்றுநோய் தலைத்தோலுக்குப் பரவுவது மிக அரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், தொப்பி அணிந்தவர்களில் 0.61 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 0.41 விழுக்காட்டினருக்கும் அவ்வாறு பரவியிருந்தது. இரண்டுமே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இவ்வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவினது என்றே புள்ளியியல் கணிப்பு கூறியது. உடலின் மற்ற பகுதிகளுக்கு மருந்து வழக்கம்போலவே செல்கிறது.

இரண்டாவது அச்சம் இதற்கு நேர்மாறானது: "முடி கொட்டவில்லையே, மருந்து வேலை செய்கிறதா?" முடி உதிர்வதற்கும் கட்டி கரைவதற்கும் தொடர்பில்லை. முடி முழுதும் உதிர்ந்தவருக்கு மருந்து நன்கு வேலை செய்கிறது என்றோ, முடி தங்கியவருக்கு வேலை செய்யவில்லை என்றோ பொருளில்லை. மருந்தின் பலனைப் பரிசோதனைகளும் ஸ்கேனும்தான் காட்டும்.

உடன் இருப்போருக்கு

"இதெல்லாம் எதற்கு, வீண் செலவு" என்று நோயாளியின் முன் சொல்லிவிடாதீர்கள். "எப்படியாவது முடியைக் காப்பாற்றியே ஆக வேண்டும்" என்று அவரை வற்புறுத்தவும் வேண்டாம். குளிரைத் தாங்கப்போகிறவர் அவர். முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும். செலவு உண்மையான தடையாக இருந்தால் அதையும் மறைக்காமல் பேசுங்கள். உங்கள் காப்பீடு இதை ஏற்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொப்பிக்கான தொகைக்காக முக்கிய மருந்தையோ பரிசோதனையையோ தள்ளிப்போடும் நிலை வந்தால், தொப்பியைத்தான் விட்டுவிட வேண்டும்.

தொப்பி வேண்டாம் என்று தீர்மானிப்பவர்களும் பலர். ஒரு நோயாளி முதல் மருந்துக்கு முன்பே முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டார். உதிரத் தொடங்கிய அன்று தம் தம்பியை அழைத்து, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாமே மொட்டை அடித்துக்கொண்டார். "அதுவாகப் போவதற்கு முன் நானே எடுத்துவிட்டேன், சார்" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெளிவு இருந்தது. விக், தலையில் சுற்றும் பருத்தித் துணி, எதுவும் இல்லாத தலை என எந்த வழியும் தவறானதன்று. சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலோருக்கு முடி மீண்டும் வளரத் தொடங்குகிறது. முதலில் அதன் நிறமும் சுருளும் மாறியிருக்கலாம். மிகச் சிலருக்கு, குறிப்பாக டோசிடாக்செல் பெற்றவர்களில் சிலருக்கு, பழைய அடர்த்தி முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இதையும் நீங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

முதல் மருந்துக்கு முன் கேளுங்கள்

குளிர்த்தொப்பியை முதல் கீமோதெரபியிலிருந்தே அணிய வேண்டும். ஒருமுறை மருந்து ஏறிய பின், முடி உதிரத் தொடங்கியதும் வந்து கேட்டால், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே கீழ்க்காணும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

1. எனக்குத் தரும் மருந்தால் முடி எந்த அளவுக்கு உதிரும்?
2. என் நோய்க்கும் உடல்நிலைக்கும் குளிர்த்தொப்பி ஏற்றதா?
3. என் மருந்துக்கு எந்த அளவு பலனை எதிர்பார்க்கலாம்?
4. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் கூடுதலாகும்? மொத்தச் செலவு எவ்வளவு?
5. என் சிகிச்சை நாளில் இயந்திரம் கிடைக்குமா? யாரிடம் முன்பதிவு செய்ய வேண்டும்?

கதவருகே சென்று திரும்பிக் கேட்க வேண்டாம். நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமல் கேளுங்கள். நாங்கள் திட்டமாட்டோம்.